செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவரையொருவர் சௌக்கியம் விசாரிப்பது நின்றுபோய் விடுகிறது. "குழந்தைகளை எங்கே அழைத்துக்கொண்டு போனீர்கள்?" என்பதுதான் கேள்வி. லிப்டில் கேட்கிறார்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கையில் கேட்கிறார்கள், இஸ்திரி வண்டி அருகில் கேட்கிறார்கள். வருமான வரி அதிகாரியின் கேள்விக்குக்கூட நான் இவ்வளவு நடுங்கியதில்லை. அவரிடம் குறைத்துச் சொல்ல ஆசை வருகிறது. இவர்களிடம் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போன மே மாதக் கடைசியில் மூன்றாவது மாடிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எழும்பூர் மியூசியத்துக்கு" என்றேன்.

"அங்கே என்ன சார் இருக்கு? எல்லாம் செத்துப்போன சாமான்! நல்ல இடமாப் பார்த்துக் கூட்டிக்கிட்டுப் போங்க. பாவம், குழந்தை ஏங்கிப் போயிடும்."

துக்க வீட்டுக்கு வந்தவர்போல் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தட்டலுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

அவர் 'செத்துப்போன சாமான்' என்றதும் எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. பாட்டி மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பாள். மிருகக் காட்சிசாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்று பெயர். பாட்டி சொந்தமாகக் கண்டுபிடித்தது அல்ல; பழைய சென்னைவாசிகள் எல்லாரும் சொன்னதுதான். கல்லூரி வாசலை மிதித்திராத ஜனங்கள் வைத்த பெயர் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பரீட்சை கிடையாது, பிரவேச விண்ணப்பம் கிடையாது, பட்டம் கிடையாது. ஆனாலும் அது காலேஜ் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நானும் ஒரு நிஜக் கல்லூரியில் சேர்ந்தேன்; இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டேன். நான் ஒழுங்காகப் படித்த காலேஜ்கள் பாட்டி சொன்ன இரண்டுந்தான்.

எழும்பூர் மியூசியம் 1851-ஆம் வருஷம் ஏற்பட்டது. நான்கு வருஷம் கழித்து, 1855-ல், அந்த வளாகத்திலேயே மிருகங்களையும் வைத்தார்கள். செத்த காலேஜின் வயிற்றில்தான் உயிர்க் காலேஜ் பிறந்தது! பிறகு மிருகங்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற தோட்டத்துக்குக் குடிபோயின. அங்கே நெடுங்காலம் இருந்துவிட்டு, 1985-ல் வண்டலூர் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பீப்பிள்ஸ் பார்க் என்றால் மக்கள் பூங்கா. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்துக்கே அந்தப் பெயர் இருந்திருக்கிறது. இப்போது நாம் குழந்தைகளை அழைத்துப் போகும் இடங்களுக்கு அந்தப் பெயரை வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மூன்றாவது மாடிக்காரரிடம் பாதி உண்மைதான் சொன்னேன். அதே மாதம் முதல் வாரத்தில் நாங்கள் ஓர் உல்லாசப் பூங்காவுக்கும் போயிருந்தோம். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு மரியாதை கிடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்றால், அங்கே நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து என் மனைவி புளியோதரை கிளறினாள். வாசலில் பையைச் சோதித்தவர்கள் அதை உள்ளே விடவில்லை. தண்ணீர்ப் பாட்டிலையும் விடவில்லை. இரண்டும் உள்ளே விலைக்குக் கிடைக்குமாம். புளியோதரை திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வரிசை. மூன்று நிமிஷம் சுற்றுவதற்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு என் பெண், வயது ஒன்பது, ஒரு வேப்ப மரத்தடியைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஒரு அணில் போய் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாமா?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ்வளவு பணம் கட்டியிருக்கேன். உட்காரவா வந்தோம்? எழுந்து போய் விளையாடு!"

அவள் எழுந்து போனாள். வீட்டுப் பாடம் எழுதப் போகிற முகத்துடன் போனாள்.

இதுதான் என் வாதத்தின் சாரம். டிக்கெட்டின் விலை ஏற ஏற, குழந்தையின் சந்தோஷம் குழந்தைக்குச் சொந்தமில்லாமல் போய்விடுகிறது. அது தகப்பன் போட்ட முதலுக்கு வட்டியாகிறது. குழந்தை சிரித்தாக வேண்டும். சிரிப்பதைப் படம் எடுத்தாக வேண்டும். எடுத்த படத்தை உறவினர் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்து மாதம் மதிப்பெண்ணுக்காக ஓடிய குழந்தையை விடுமுறையிலும் நமக்காக ஓட வைக்கிறோம்.

என் தகப்பனார் 1990-ல் என்னை வண்டலூருக்கு அழைத்துப் போனார். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்துக்கு அப்பால் போனோம். தயிர் சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கையில் இருந்தன. நான் நீர்யானையிடம் போய் நின்றவன் நகரவே இல்லை. அது தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. என்றைக்காவது வாயைத் திறக்குமல்லவா? அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றேன். அப்பா ஒரு சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தார்.

"திறந்தா சொல்லு" என்றார்.

அவ்வளவுதான். புலியைப் பார்க்கவில்லையே, வந்த செலவு வீணாயிற்றே என்று அவர் தவிக்கவில்லை. அவர் குமாஸ்தா; மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர். ஆனால் அந்த இடத்தில் அவர் கணக்குப் பார்க்க அவசியமில்லாதபடி கட்டணம் சொற்பமாக இருந்தது. பொது இடத்தின் பெருமையே அதுதான். அது தகப்பன்மார்களைப் பெருந்தன்மை உள்ளவர்களாக ஆக்குகிறது. நானும் அவர் பிள்ளைதான். குணத்தில் அவ்வளவு மோசமில்லை. வாசலில் கட்டிய தொகை என்னை மோசமாக்கிவிட்டது.

உல்லாசப் பூங்காவிலிருந்து வந்த மறுநாள் இன்னொன்று நடந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிக் கொடுக்கும் அம்மாள் விடுமுறை நாட்களில் தன் பெண்ணையும் அழைத்து வருவாள். பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, குழந்தையை வேறு எங்கே விடுவது? அந்தப் பெண்ணுக்கும் ஒன்பது வயதுதான். என் பெண் தன் ராட்டின வீரப் பிரதாபங்களை அளந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ திமிங்கலத்தோட எலும்பு பார்த்திருக்கியா?" என்றாள். "எழும்பூர்ல தொங்குது. எங்க பெரியம்மா இட்டுக்கினு போச்சு. அதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் படுத்துக்கலாம், அம்மாம் பெரிசு!"

என் பெண் வாயடைத்துப் போனாள். அன்று முதல் திமிங்கலம், திமிங்கலம் என்று என் உயிரை வாங்கி, மூன்றாவது வாரத்தில் எழும்பூருக்கு இழுத்துப் போய்விட்டாள். இந்தத் தடவை நான் அப்பாவைப் பின்பற்றினேன். திமிங்கலத்தின் அடியில் எத்தனை நேரம் நின்றாளோ நிற்கட்டும் என்று விட்டேன். திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்தாயா, அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தாயா என்று குடையவில்லை. வீட்டுக்கு வந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்கவும் இல்லை. காலேஜ்தான், ஆனால் பரீட்சை இல்லாத காலேஜ்.

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். உல்லாசப் பூங்கா என்ன பாவம் செய்தது என்பீர்கள். ஒரு பாவமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ராட்டினத்தில் தலை சுற்றுவது நல்லதுதான், எனக்கே பிடிக்கும். அது ஒன்றே விடுமுறை, மற்றதெல்லாம் ஏமாற்றம் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வெயில் கொளுத்துகிறதே என்பீர்கள். கொளுத்துகிறதுதான். மியூசியத்துக்குக் கூரை இருக்கிறது. கடற்கரைக்குச் சாயங்காலம் இருக்கிறது. மெரீனாவில் அலையில் இறங்கிக் குளிப்பது உயிருக்கு ஆபத்து. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இருங்கள். மாமல்லபுரம் போனால் விடியற்காலையில் போங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை காலை ஊன்றி, கையை உயர்த்தித் தவம் செய்கிறது; காலடியில் எலிகள் பக்தியுடன் நிற்கின்றன. ஆயிரத்து முந்நூறு வருஷமாக அந்த ஹாஸ்யம் சாலையோரத்தில் இருக்கிறது, பார்க்கக் காசில்லை. அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் குழந்தையின் முகத்தை எந்த ராட்டினத்திலும் நான் பார்த்ததில்லை.

"பொது இடமெல்லாம் குப்பை சார். கழிப்பிடம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது." இதுதான் பெரிய ஆட்சேபணை. உண்மையும்கூட. நம் பொது இடங்கள் பலவற்றில் கழிப்பிடத்துக்கு வழி கேட்கவே வேண்டாம். மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இது ஏன் இப்படி இருக்கிறது? மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறவர்கள், கவுன்சிலருக்கு டெலிபோன் செய்யக்கூடியவர்கள், அதாவது நீங்களும் நானும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி விட்டோம். நாம் இல்லாத இடத்தில் யார் கேட்பார்கள்? அழுக்காக இருக்கிறது என்று விலகினோம். விலகியதால் மேலும் அழுக்காயிற்று. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றிலும் நாம் செய்தது இதுதான். இப்போது பூங்காவையும் கடற்கரையையும் கைவிடப் பார்க்கிறோம்.

கேட்டால் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மெரீனாவில் அலைக்குப் பக்கத்தில் போக ஒரு பாதை வேண்டும் என்று பல வருஷங்கள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் மணலின்மேல் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே புயல் அதைச் சிதைத்தது, திரும்பச் சரிசெய்தார்கள். கடலை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று கேட்டவர்களுக்குக் கடல் கிடைத்தது. மணலில் நடக்கக் கால் உள்ள நாம்தான் வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

குழந்தைகளின் உரிமைகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. 1992-ல் நம் நாடும் அதில் சேர்ந்தது. அதன் முப்பத்தோராவது பிரிவு, ஓய்வும் பொழுதுபோக்கும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்கிறது. டிக்கெட் வாங்கிய குழந்தைகளின் உரிமை என்று சொல்லவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு அந்தத் திமிங்கலப் பெண்ணின் நினைவு வந்தது. நல்லவனாகிவிட வேண்டும் என்ற வேகத்தில் அவள் தாயாரிடம், "அடுத்த தடவை எங்கேயாவது போகும்போது உங்கள் பெண்ணையும் அழைத்துப் போகிறோம்" என்றேன்.

அந்த அம்மாள் பெருக்குவதை நிறுத்தவில்லை. "நல்லதுதான் சார். ஆனா நீங்க லீவு குடுத்தீங்கன்னா நானே இட்டுக்கினு போவேன்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. பத்து வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தீபாவளிக்குப் புடவை கொடுத்திருக்கிறோம்; காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பெண்ணுடன் இருப்பதற்குச் சம்பளத்தோடு ஒரு நாள் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அவள் பெண்ணை நான் அழைத்துப் போனால் அது தர்மம்; எனக்குப் புண்ணியம், அவளுக்குக் கடன். அவளே அழைத்துப் போகும்படி நாளை விடுவிப்பது நியாயம். தர்மம் செய்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, நியாயம் செய்வதற்கு ஏன் மற்றவர் சொல்ல வேண்டியிருக்கிறது?

மூன்று நாட்கள் கொடுத்தோம். அந்த மூன்று நாளும் பாத்திரம் தேய்த்தவன் அடியேன். மாதத்தின் மற்ற நாட்களில் என் மனைவிக்கு எத்தனை நாள் விடுமுறை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது வேறு கட்டுரை.

நாலாம் நாள் அந்தப் பெண் வந்ததும் என் மகள் ஆவலோடு, "எங்கே எங்கே போனீங்க?" என்று கேட்டாள்.

"முதல் நாள் நானும் அம்மாவும் மத்தியானம் வரைக்கும் தூங்கினோம்" என்றாள் அவள், பெரிய இடத்துக்குப் போய் வந்த பெருமையுடன். "அப்புறம் சாயந்தரம் பீச்சுக்குப் போனோம்."

உடன்படிக்கையின் அந்தப் பிரிவு முதலில் சொல்வதே ஓய்வைத்தான் என்பதை அந்த வீட்டில் யாரும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, மூன்றாவது மாடிக்காரரே, அடுத்த மே மாதம் லிப்டில் என்னைக் கண்டால் வழக்கமான கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், சமுத்திரக் கரை என்று வெட்கமில்லாமல் பதில் சொல்வேன். பிறகு உங்களை ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டில் வேலை செய்கிறவளுக்கும் குழந்தை இருக்கிறதே, விடுமுறைக்கு அவளுக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள்?