எத்தனை நாளுக்கு ஒரு முறை?



ஆர்க்கிட் செடி ஒன்றை முதன்முதலாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?" அவரும் "வாரத்துக்கு ஒரு முறை" என்று சொல்லிவிடுவார். வாங்கியவர் ஞாயிறுதோறும் அக்கறையாக ஊற்றுவார். சில மாதங்களில் வேர் அழுகி, இலை தளர்ந்து, செடி போய்விடும். "இது நம் வீட்டுக்கு ஒத்துவராத செடி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் கருத்து வேறு. செடியின் மீது குற்றமில்லை. கேட்ட கேள்விதான் சரியில்லை.

ஒரு தொட்டியிலிருந்து நீர் எவ்வளவு விரைவாக ஆவியாகும்? வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றோட்டம், பரப்பு ஆகியவற்றைப் பொறுத்தது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் மதுரையில் இரண்டு மூன்று நாளில் உலரும் தொட்டி, மழைக்காலத்து ஊட்டியில் பத்து நாளானாலும் ஈரமாக இருக்கலாம். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் கசிந்து ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியில் அது நடக்காது. இவை எதையும் சொல்லாமல் ஒரே ஓர் எண்ணை விடையாகக் கேட்பது, அழுத்தத்தைச் சொல்லாமல் நீரின் கொதிநிலையைக் கேட்பது போன்றது.

இப்படி நிபந்தனையை மறந்து விதியை மட்டும் பிடித்துக்கொண்டதால் பெரிய இழப்பும் நேர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல்களில் ஆர்க்கிட்கள் வந்து இறங்கின. "வெப்ப நாட்டுச் செடியென்றால் வெப்பமும் ஈரமும் வேண்டும்" என்று எண்ணி, அவற்றைக் காற்றோட்டமில்லாத, சூடான கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். ஏராளமான செடிகள் மடிந்தன. அவற்றில் பல குளிர்ந்த மலைகளில் வளர்ந்தவை! 1830களில் ஜோசப் பாக்ஸ்டன் போன்ற தோட்டக்கலைஞர்கள் காற்றோட்டம் விட்டு, செடிக்கேற்ப வெப்பநிலையையும் மாற்றிய பிறகே நிலைமை திருந்தியது.

வேர் சொல்லும் விடை

அப்படியானால் யாரைக் கேட்பது? செடியையே கேட்கலாம்.

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது ஃபலனாப்சிஸ் என்னும் இனம். பூ அந்துப்பூச்சியைப் போல் இருப்பதால் வந்த கிரேக்கப் பெயர் இது. காட்டில் இது மரக்கிளையைப் பற்றி வளரும். ஆனால் ஒட்டுண்ணி அன்று. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழையில் அதன் வேர் நனையும். மழை விட்டதும் காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறிமாறி நடக்க வேண்டும்.

அந்த வேரைச் சுற்றி, இறந்த செல்களாலான பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. வெலாமன் என்று அதற்குப் பெயர். உலர்ந்த நிலையில் அந்தச் செல்களுக்குள் காற்றுதான் இருக்கும். செல்சுவரின் ஒளிவிலகல் எண்ணுக்கும் காற்றின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வேறுபாடு அதிகம். எனவே ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, வேர் வெள்ளி போல வெளுத்துத் தெரியும். நீர் புகுந்தவுடன் வேறுபாடு குறைகிறது. ஒளி உள்ளே ஊடுருவி, அடியிலுள்ள பச்சையம் வெளியே தெரிகிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஒளி கசிவதாக மாறுவதும் இதே தத்துவத்தால்தான்.

ஆகவே ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வையுங்கள். வேர் பச்சையாக இருந்தால் காத்திருங்கள். வெளுத்தால் நன்றாக நனைய ஊற்றி, நீர் முழுவதும் வடியவிடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கக் கூடாது. அங்கே அழுகல் தொடங்கும். தோட்டத்து மண்ணும் வேண்டாம். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. எந்நேரமும் ஈரமாயிருக்கும் மண்ணில் வேர் மூச்சு முட்டிப்போகும். கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, ஓட்டுச்சில்லு ஆகியவை போதும். இவற்றின் இடைவெளிகளில் காற்று இருக்கும்.

ஒளிக்கும் இதே அணுகுமுறைதான். நம் கண்பாவை சுருங்கி விரிவதால், மங்கலான அறையும் வெளிச்சமாகத் தோன்றும். கண்ணை நம்பாதீர்கள். இலைக்கு ஓரடி உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் ஒளி போதாது. ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் அந்த இடம் சரி.

பூ உதிர்ந்ததும் செடி செத்துவிட்டதாக எண்ணித் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. புதிய பூங்காம்பு தோன்ற, சில வாரங்களுக்கு வெப்பநிலை ஏறக்குறைய 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். நம் சமவெளி ஊர்களில் மார்கழி, தை மாதங்களில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். அதுவரை பொறுத்திருங்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு? வாரம் ஒரு முறை என்றால் நினைவில் வைக்க எளிதாயிற்றே!" என்று சிலர் சொல்வார்கள். எளிதுதான். ஆனால் அது வேறு யாரோ, வேறு ஏதோ ஓர் இடத்தில் கண்ட விடை. விடையை மட்டும் மனப்பாடம் செய்து, அது எந்த நிபந்தனையில் உண்மை என்று கேட்காமல் விடும் பழக்கத்தைத் தேர்வுக்கூடத்தில் யாரும் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆர்க்கிட் கண்டுபிடித்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள். நீர் வடிந்ததும் தொட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் நிறுத்து, வேர் வெளுக்கும் வரை வரைபடம் வரையுங்கள். மே மாதத்தில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. இரண்டின் சரிவையும் ஒப்பிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்விக்கு, உங்கள் வீட்டு ஜன்னலுக்கு உரிய விடை உங்கள் கையிலேயே இருக்கும்.