பிரானுலாவை எப்போது மாற்றுவது?

டிங்கி காய்ச்சலில் வார்டில் படுத்து எழுந்தவர்களுக்கு 'பிரானுலா' தெரியாமல் இருக்காது. புறங்கையில் குத்தி, ஊசியை உருவிவிட்டு, நரம்பு என்று நாம் சொல்லும் இரத்த நாளத்துக்குள் விட்டுவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். டிரிப் அதன் வழியாகத்தான் ஏறும்.

ஈஜோக்கில் இருக்கும் என் பெரியம்மாவுக்கும் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனால், குழாய் இருந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. "மிஸ்ஸிகிட்டச் சொல்லலையா பெரிம்மா?" என்றேன். "பாவம், அதுங்களே ஓடிக்கிட்டு இருக்குதுங்க. பால் வெட்டுன கைதானே, தாங்கும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வலியைச் சொல்வதே நச்சரிப்பு. நான் போய்ச் சொன்னதும் தாதி வந்து எடுத்துவிட்டு, மறுகையில் போட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்துவீங்க மிஸ்ஸி?" (கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிற வாய், சும்மா இருக்குமா?) சின்னக் கேள்விதான். ஆனால் மருத்துவ உலகமே இதில் இரண்டு கட்சி.

மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் என்பது பழைய வழக்கம். நன்றாக இருந்தாலும் எடுத்துவிட்டு வேறிடத்தில் குத்துவார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2012-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். நாள் கணக்கில் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் நாளம் புண்பட்டவர்கள் 7 விழுக்காடுதான். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துப்படும் வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பிறகு ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனை அப்படியே மாற்றிப் பார்த்தது. இரத்தத்தில் கிருமித் தொற்று கூடியது. பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் கணக்கு அது, 2021-இல் வெளிவந்தது. அந்தத் தொற்று அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்து.

எனக்குப் படுவது இதுதான்: 'தேவைப்படும்போது' என்றால், தேவையா என்று தினமும் ஒருவர் பார்த்தாக வேண்டும். அதற்கு ஆள் போதாத வார்டில் நாள் கணக்கே மேல். எந்தக் கட்சியானாலும், சிவப்பு, வீக்கம், வலி, கசிவு இருந்தால் உடனே எடுக்க வேண்டும். தேவை முடிந்த குழாயும் கையில் கிடக்கக்கூடாது.

பிளாஸ்டரின்மேல் போட்ட தேதியைப் பெரும்பாலும் பேனாவால் எழுதியிருப்பார்கள். அடுத்தமுறை போகும்போது மைலோ ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, முதலில் அதைப் படியுங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். கையைக் கழுவிவிட்டு, பிளாஸ்டரைச் சுற்றி லேசாகத் தொட்டுப் பாருங்கள், முகத்தைக் கவனியுங்கள்.