டியூட் பாட்டும் ஒரு தீபாவளிச் சண்டையும்

டிஸ்கி: இது சாய் அபயங்கர் ரசிகர் மன்றப் பதிவு இல்லை. எதிர்ப்பு மன்றப் பதிவும் இல்லை. ரெண்டு மன்றத்துக்காரங்க கிட்டயும் அடி வாங்கத் தயாராத்தான் எழுதுறேன். எனக்கு ராகம் தாளம் தெரியாது. காது மட்டும்தான் இருக்கு, அதுவும் பாதி நாள் ஆபீஸ் மீட்டிங்குக்கு வாடகைக்குப் போயிருது :-)

ரொம்ப நாளா டிராஃப்ட்ல கிடந்த மேட்டர் மக்கா. ஆணி புடுங்குறதுல எழுத முடியலை. ஆரம்பிச்சது 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப. ஊர் வீரகேரளம்புதூர். முழுப் பேரையும் நாங்களே சொல்ல மாட்டோம், வீ.கே.புதூர்தான்.

அந்த அக்டோபர் 17-ம் தேதி டியூட் ரிலீஸ். பிரதீப் ரங்கநாதன், மமிதா பைஜு நடிச்சது, கீர்த்தீஸ்வரனுக்கு இயக்குநரா முதல் படம், சாய் அபயங்கருக்குத் தமிழ்ல முதல் படம். அதுக்கு மூணு வாரம் முன்னால மலையாளத்துல பல்டி வந்திருந்தது. அதை எங்க ஊர்ல யாரும் கணக்குல சேர்க்கலை.

பையனைப் பத்தி அறியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திப்பு - ஹரிணி மகன். 2024 ஜனவரியில 'கட்சி சேர', நாலு மாசம் கழிச்சு 'ஆச கூட'. ரெண்டும் எந்தப் படத்துலயும் இல்லாத தனிப் பாட்டு. கல்யாண வீடு, காலேஜ் விழா, ரீல்ஸ்னு ஓடாத இடம் இல்லை. அப்பப் பையனுக்கு இருபது வயசுகூட ஆகலை. அதுக்கப்புறம்தான் கூத்து. ஒரு படம்கூட வெளிய வராத நிலையில பென்ஸ், சூர்யாவோட கருப்புன்னு பெரிய பெரிய பேரா வரிசை கட்டுச்சு. கருப்புக்கு மொதல்ல சொன்ன பேர் ஏ.ஆர்.ரஹ்மான். அந்த இடத்துல இவர் பேர் வந்த அன்னைக்கு நம்ம மக்கள் கொதிச்ச கொதி இருக்கே, அண்டாவுல சோறே ஆக்கியிருக்கலாம்.

கொதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். ஒத்துக்கிடுதேன். 'பாட்டு ரெண்டு, படம் பத்து'ங்கிற மாதிரி ஒரு மீம் வந்தது. சிரிச்சுட்டு அதை எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல தட்டிவிட்டேன். பத்து நிமிஷத்துல என் சித்தி மகன் கிட்ட இருந்து ஒரே ஒரு வரி: "நீ பாட்டக் கேட்டியாண்ணே?"

கேக்கலை. அதான் உண்மை. 'கட்சி சேர'வே யாரோ ஒருத்தர் ரீல்ஸ்ல முப்பது செகண்டு கேட்டதுதான். அவ்வ்வ்.

தம்பியைப் பத்திச் சொல்லணும். பேர் வேண்டாம், ஊர்ல ஓட்டிருவாங்க. காலேஜ் முடிச்சு வீட்ல இருக்கான். பழைய லேப்டாப், இரவல் மைக், மாடி ரூம்ல ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தொங்கவிட்டுப் பாட்டுப் பண்ணுதான். சித்தப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. தினம் சாயங்காலம் ஒரே கேள்வி: "ஏலே, சினிமால எவனாவது கூப்பிட்டானா?" இவன் இல்லம்பான். "பொறவு எதுக்குலே இந்தச் சத்தம்?" அன்னன்னைக்கு விவாதம் அத்தோட முடிஞ்சிரும்.

இப்படி ஒருத்தனுக்கு சாய் அபயங்கர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. படம் இல்லாம, ஹீரோ இல்லாம, வெறும் பாட்டை வச்சே ஒருத்தன் வீட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டான். சித்தப்பாகிட்டக் காட்ட அவன் கையில இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அந்த அத்தாட்சியைத்தான் நான் மீம் போட்டுக் கிழிச்சிருக்கேன்.

சரி, பாவமன்னிப்பா தீபாவளி லீவுல தம்பியையும் கூட்டிட்டுத் தென்காசியில படம் பாத்தேன். கிளம்புறதுக்கு முன்னால மொத்தப் பாட்டையும் நாலு தடவை கேட்டாச்சு. பஸ்ல, ஹெட்போன்ல, சித்தப்பா ஸ்பீக்கர்ல, அப்புறம் வீட்ல எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் மெதுவா.

என் தீர்ப்பு: 'ஊரும் பிளட்' நல்ல பாட்டு. மொதத் தடவை பிடிக்காது, மூணாவது தடவை விடாது. தியேட்டர்ல அந்த மெட்டு பின்னணியில திரும்ப வர்றப்ப, தனியாக் கேட்டதை விட ஒரு சுத்து பெருசாத் தெரிஞ்சது. 'சிங்காரி' எனக்கு ஒட்டலை (தம்பிக்கு அதுதான் உசிரு). மொத்தமா ஒரு குறை உண்டு. மூச்சு விட எடமே இல்லை. ஒரு சத்தம் ஓயுறதுக்குள்ள அடுத்தது வந்து உக்காந்துக்குது. பாடுற குரல் நடுவுல எங்கயோ சிக்கிக் கிடக்கு. சுரண்டை பஸ்ல ஜன்னல் ஓரத்துல கேட்டேன், பாதி வார்த்தை காத்தோட போச்சு. பஸ் சத்தத்துல நிக்கிற பாட்டுதான் எங்க பக்கம் நிக்கும், அது எங்க ஊர் அளவுகோல். 'ஆச கூட' அதுல பாஸ். டியூட்ல ஒண்ணு ரெண்டுதான் தேறுது.

இதைச் சொன்னதும் அத்தான் குஷியாயிட்டார். அவர் கொலவெறி ராஜா ரசிகர். "அதான் நான் அப்பமே சொன்னேன், இவன்லாம் ரெண்டு பாட்டு ஆளு." அந்தப் பக்கம் தம்பி, "இது படத்துக்குப் போட்டது அத்தான், தனிப்பாட்டு மாதிரிக் கேட்டா எப்படி?" ஊர் உலகம் முழுக்க நடந்த சண்டை எங்க வீட்டுத் திண்ணையிலயும் நடந்தது. ஒரு கோஷ்டி: தனிப்பாட்டுல இருந்த ஆளை சினிமா கெடுத்துருச்சு. இன்னொரு கோஷ்டி: ஆள்கிட்டச் சரக்கே இல்லை, அப்பா அம்மா பேர்ல வந்த வண்டி. மூணாவது கோஷ்டி ரெண்டையும் மறுத்து, சூப்பர் ஹிட், வாயை மூடுங்கன்னுச்சு.

எனக்கு மூணுமே இடிக்குது.

மொத கோஷ்டிக்கு: 'கட்சி சேர' வீடியோவைத் திரும்பப் பாருங்க. ஹீரோயின், டான்ஸ், செட்டு, லைட்டு, பின்னால ஒரு கம்பெனி. படம் மட்டும்தான் இல்லை, மத்தபடி அது சினிமாப் பாட்டேதான். அவர் ஆரம்பத்துல இருந்தே சினிமா வீட்டு வாசல்லதான் கோலம் போட்டுக்கிட்டு இருந்தார். கதவு திறந்ததும் உள்ள போனார். கெட்டுப் போக என்ன இருக்கு? நம்ம ஊர்ல தனிப்பாட்டுன்னு தனியா ஒரு தெரு இருந்து அதுல இருந்து இவர் ஓடி வந்துட்ட மாதிரி பேசக் கூடாது. மலேசியாவுல இருந்து யோகி பி அண்ட் நட்சத்திரா 2006-ல 'வல்லவன்' ஆல்பம் போட்டாங்க. அடுத்த வருஷமே யோகி பி பொல்லாதவன்ல இருந்தார். ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012-ல தனி ஆல்பம், 2015 பொங்கலுக்கு ஆம்பள. அதே வருஷம்தான் நான் காலேஜ் சேர்ந்தேன். ஹாஸ்டல்ல இதே சண்டை, இதே வசனம்: ராப்பை வித்துட்டான், சரக்கு தீந்துருச்சு. அப்புறம் தனி ஒருவன் வந்ததும் அதே ரூம்ல அதே ஆளுங்க அந்தப் பாட்டையே ரிங்டோனா வச்சிருந்தாங்க. நானும்தான், ஹிஹி.

ரெண்டாவது கோஷ்டிக்கு: வாரிசுங்கிறது பொய்யில்லை. ஹரிணி 1995-ல இந்திரா படத்துல பாட ஆரம்பிச்சவங்க, அந்த வீட்ல பொறந்த பிள்ளைக்கு ஸ்டுடியோ வாசல் தெரியாமலா இருக்கும்? எங்க தம்பிக்கு ஜன்னல்ல போர்வை கட்டித்தான் ஸ்டுடியோ. இந்த வித்தியாசத்தைப் பேசணும். ஆனா அது வாய்ப்புக் கொடுத்தவங்களைப் பாத்துக் கேக்க வேண்டிய கேள்வி. மெட்டு நல்லாயிருக்கா இல்லையாங்கிறதுக்கு அது பதில் ஆகாது. கேக்காமலே தீர்ப்புச் சொல்ல அது ஒரு சாக்கு. நான் செஞ்சது அதைத்தான்.

இனி தியேட்டர்ல நடந்தது. படத்துல ஒரு இடத்துல இளையராஜாவோட 'கருத்த மச்சான்' வரும். 1991-ல வந்த புது நெல்லு புது நாத்து படப் பாட்டு. மமிதா ஆட ஆரம்பிச்சதுதான் தாமதம், தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு. விசில்ல காது அடைச்சுப் போச்சு. அத்தான் (ஆமா, அவரும் வந்தார், டிக்கெட் என் காசு) திரும்பி எங்களைப் பாத்த பார்வை இருக்கே! தம்பி மொகம் தொங்கிப் போச்சு. புதுசா ஒருத்தன் ராப்பகலா உக்காந்து அத்தனை பாட்டுப் போட்டிருக்கான், கூட்டம் எந்திரிச்சது முப்பத்தி நாலு வருஷப் பழைய பாட்டுக்கு.

அப்புறம் ராஜா கோர்ட்டுக்குப் போனது தெரிஞ்சதுதான். நவம்பர் கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் அவர் பாட்டுகளை நீக்கச் சொன்னது. டிசம்பர்ல தயாரிப்புத் தரப்பு 50 லட்சம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் ஆச்சு. அவர் உழைப்பு, அவர் கேக்குறார். அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனா அத்தான் இதுல கண்டுபிடிச்ச நீதி, "புதுப் பயலுக்கு ஒண்ணும் வராது, அதான் ராஜா தேவைப்படுதாரு." இதை நான் ஒத்துக்க மாட்டேன். 2019 கைதியில பழைய பாட்டு, 2022 விக்ரம்ல 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 2024 லப்பர் பந்துல 'நீ பொட்டு வச்ச', 2025 குட் பேட் அக்லில பழைய பாட்டுங்க. இந்தப் படங்களுக்கு இசை சாம் சி.எஸ், அனிருத், ஷான் ரோல்டன், ஜி.வி.பிரகாஷ். இவங்க யாருக்கும் பாட்டுப் போடத் தெரியாதா? டைரக்டருங்களுக்கு கைத்தட்டு உடனே வேணும், புதுப் பாட்டு ஊறுறதுக்கு நேரம் ஆகும், பழைய பாட்டு ரெடிமேட் மாவு. அவ்வளவுதான் மேட்டர். ஆனா அந்த ரெடிமேட் மாவுக்கு அடி வாங்குறது மட்டும் புதுசா வந்தவன். டியூட் பாட்டு நல்லாயில்லைன்னு சொல்லுங்க, பாதியில நானும் உங்க கட்சி. 'கருத்த மச்சானு'க்குக் கெடைச்ச விசிலை வச்சு சாய் அபயங்கரை அளக்காதீங்க, அது நியாயமே இல்லை.

இந்தச் சண்டை நடந்தது நவநீதகிருஷ்ணன் கோயில் தெருவுல. எங்க ஊர் ஊற்றுமலை ஜமீனோட இருப்பிடம். ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தப்ப, வழிநடைக்குப் பாடச் சொல்லி சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கட்டினதுதான் காவடிச் சிந்து. முப்பது வயசுக்குள்ள போய்ச் சேர்ந்த மனுஷன். யோசிச்சுப் பாத்தா அதுவும் ஒருத்தர் கேட்டு, ஒருத்தர் செலவுல, ஒரு சந்தர்ப்பத்துக்காகப் போட்ட பாட்டுதான். நடக்குற காலுக்கு ஏத்த மெட்டு. இன்னைக்குக் கச்சேரியில துக்கடாவா பாடுறாங்க, கழுகுமலை ஞாபகம் யாருக்கு இருக்கு? யாரோ காசு கொடுத்துப் போடச் சொன்னாங்கங்கிறதுக்காகப் பாட்டு மட்டமாயிடாது. இதைத் திண்ணையில எடுத்து விட்டேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தம்பியைப் பாத்து, "அப்பம் உனக்கும் ஒரு ஜமீன்தார் வேணும்லா?"ன்னார். எல்லாரும் சிரிச்சோம், தம்பி சிரிக்கலை.

அவன் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டு இருக்கு. ரெட்டியாருக்கு ஜமீன் ஒண்ணு கெடைச்சது. இன்னைக்கு மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஜமீன், அது சினிமா. கட்சி சேரப் போட்ட பையனும் அங்கதான் போகணும், மாடி ரூம்ல இருக்குறவனும் அங்கதான் பாத்துக்கிட்டு இருக்கணும். தனிப்பாட்டு அழிஞ்சு போச்சேன்னு அழுத கோஷ்டியில எத்தனை பேர் இந்த வருஷம் படத்துல இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்டோம்? நான் கேக்கலை. டிக்கெட்டுக்கு மூணு பேருக்குக் கொடுத்தேன்.

குடும்பக் குரூப்புல அந்த மீமை டெலீட் பண்ணப் பாத்தேன், நேரம் தாண்டிப் போச்சு, இன்னும் அங்கயே கிடக்கு. அதுக்குக் கீழ போன வாரம் தம்பி ஒரு ஆடியோ ஃபைல் போட்டிருக்கான், மூணு நிமிஷம் சொச்சம். சித்தப்பா கட்டைவிரல் மட்டும் காட்டியிருக்கார். அத்தான் கண்டுக்கவே இல்லை. நான் இந்தத் தடவை மொதல்ல கேட்டேன். நடுவுல தாளம் ஒரு இடத்துல தடுமாறுது, அதைச் சொல்லிருக்கேன். மத்தபடி சுரண்டை பஸ்ல டெஸ்ட் பண்ணணும், பொங்கலுக்குத்தான் லீவு கெடைக்கும்.

பி.கு: 'சிங்காரி' பிடிச்சவங்க யாராவது இருந்தா காரணத்தோட வந்து சொல்லிட்டுப் போங்க. தம்பிகிட்டக் கேட்டா "கேளுண்ணே, வரும்"ங்கிறான். பதினோரு தடவை ஆச்சு, இன்னும் வரலை :-(