பெயரும் பெருமையும்

பொறுமை என்னும் குணத்தில் நமது ஜனங்களை மிஞ்சக்கூடியவர்கள் உலகத்தில் இல்லை. வீதியில் சாக்கடை வழிந்தோடினால், வேஷ்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விடுவோம். குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால், துணியை மடித்து வடிகட்டிக்கொள்வோம். ஆனால், நமது ஊரின் பெயரைச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை வைதுவிட்டால் மட்டும் அந்தப் பொறுமை எங்கேயோ பறந்து போய்விடும்.

2010-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அப்படித்தான் நடந்தது. 'லான்ஸெட்' என்னும் பெயர் பெற்ற வைத்தியப் பத்திரிகையின் கிளைச் சஞ்சிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. கிருமிகளைக் கொல்லும் 'ஆன்ட்டிபயாடிக்' மருந்துகளை வரிசையாகத் தோற்கடிக்கும் ஒரு சக்தி, இந்தியாவிலும் பாகிஸ்தானத்திலும் பிரிட்டனிலும் நோயாளிகளின் உடம்பிலுள்ள கிருமிகளிடம் பரவியிருக்கிறது என்பதே கட்டுரையின் சாரம். அந்தச் சக்தியின் பெயர் 'நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்', சுருக்கமாக, என்.டி.எம்.-1. இந்தியாவில் ஆஸ்பத்திரிச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-ல் ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள் இதை முதன் முதலில் கண்டுபிடித்தார்கள். அவர் சிகிச்சை பெற்ற நகரத்தின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

கேட்க வேண்டுமா, அப்புறம்? பத்திரிகைகள் கொதித்தன. பார்லிமெண்டில் கேள்வி கிளம்பிற்று. சொற்பச் செலவில் நல்ல சிகிச்சை தேடி இந்தியாவுக்கு வரும் அயல்நாட்டு நோயாளிகளைத் தடுப்பதற்காக மேல்நாட்டார் செய்யும் சூழ்ச்சி இது என்று பலர் அபிப்பிராயம் தெரிவித்தார்கள். கட்டுரையாசிரியர்களில் முதலாவதாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்பதும், கட்டுரையில் கணக்குக் காட்டப்பட்ட 180 கிருமி மாதிரிகளில் 44 நமது சென்னையிலேயே அகப்பட்டவை என்பதும் அந்தக் கூச்சலில் அநேகர் காதில் விழவில்லை.

இந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நோய்க்கு ஊர்ப் பெயர் வைத்தால், பாவம் அந்த ஊராருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. 'லான்ஸெட்'டின் ஆசிரியரே 2011 ஜனவரியில், அந்தப் பெயர் வைத்தது பிசகு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனமும், புதிய நோய்களுக்கு இனி ஊர்ப் பெயரும் தேசப் பெயரும் வைக்கலாகாது என்று யோசனை கூறியது. ஆனால், இந்த வழக்கம் நம்மை அவமதிப்பதற்காகப் புதிதாகக் கிளப்பியதல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளில் ஒன்றுக்கு இத்தாலியிலுள்ள வெரோனா நகரத்தின் பெயர் உண்டு. இன்னொன்றுக்குப் பிரேஸிலின் ஸாவோ பாலோ. மற்றொன்றுக்குக் கொரியாவின் ஸியோல். அவ்வளவு தூரம் போவானேன்? கண் சிவந்து நீர் வடியும் வியாதியை 'மதராஸ் கண்' என்று மதராஸ்வாசிகளாகிய நாமே வாய் கூசாமல் சொல்லி வருகிறோமே!

பெயர்ச் சண்டை முடிந்தது. கிருமி என்ன ஆயிற்று? நாம் கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்விதான்.

பூட்டும் சாவியும்

கிருமி எப்படி மருந்தை வெல்கிறது என்பதைச் சிறிது பார்க்கலாம். கிருமி தன்னைச் சுற்றி ஒரு மதில் கட்டிக்கொண்டு வாழ்கிறது. பெனிஸிலின் இனத்து மருந்துகள் அந்த மதிலைக் கட்டவொட்டாமல் செய்து கிருமியை மாய்க்கின்றன. சில கிருமிகள் இந்த மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரந்து தப்பித்துக்கொண்டன. அவற்றையும் அடக்குவதற்கு மனிதன் மேலும் மேலும் வலிய மருந்துகளைச் செய்தான். 'கார்பபீனம்' என்னும் வகை அவற்றில் மிக வலியது. வேறு மருந்து எதுவும் பலிக்காதபோது எடுப்பதற்கென்று வைத்தியர்கள் ஒதுக்கி வைத்திருந்தது. என்.டி.எம்.-1 அதையே வெட்டிப் போடுகிறது!

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. இந்த நொதியைச் செய்யும் வித்தை, 'பிளாஸ்மிட்' எனப்படும் ஒரு சிறு மரபணு வளையத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு கிருமி இந்த வளையத்தைப் பிரதி எடுத்து அடுத்த கிருமிக்குக் கொடுத்துவிடும். அந்த அடுத்த கிருமி அதே ஜாதியாக இருக்கவேண்டுமென்ற நியமம்கூடக் கிடையாது. மனிதர்கள் தங்கள் வித்தையை ஜாதி பார்த்து ஒளித்துவைத்த தேசத்திலே, கிருமிகள் பேதமின்றிப் பரிமாறிக்கொள்கின்றன!

இப்படிப்பட்ட பரிமாற்றத்துக்கு ஏற்ற சந்தை எது? சாக்கடைதான். 2010-ம் வருஷக் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் டெல்லி மாநகரில் வீதிகளில் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் எடுத்துச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-ல் 2-லும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. சீதபேதி, காலரா இவற்றை உண்டாக்கும் கிருமி இனங்களிலும் அது ஏறியிருந்தது. சிவப்புச் சட்டையை அவிழ்த்துவிட்டுச் சாதாரண உடையில் ஊருக்குள் நடமாடும் கொள்ளைக்காரனைப்போல், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி அது வீதிக்கே வந்துவிட்டது.

அதன் பலனை அநுபவிப்பவர்கள் யார்? டெல்லியிலுள்ள மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை 2011 முதல் 2014 வரையில் கவனித்து எழுதிய ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. இரத்தத்தில் கிருமி கண்ட சிசுக்களிடம் அதிகமாய்த் தென்பட்டது 'அஸினெட்டோபாக்டர்' என்னும் இனம். அகப்பட்ட 222 கிருமிகளில் 181, பல வகை மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காதவை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை எந்த மருந்தைத் துர்விநியோகம் செய்தது? எந்தக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கியது? பெரியவர்கள் வைத்த கடனைத் தொட்டிலில் கிடக்கும் சிசு தீர்க்கிறது. டெல்லியின் பெயருக்கு நேர்ந்த அவமானம் பெரிதா, இது பெரிதா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

பீச்சாம் பண்டிதர்களும் சென்னைப் பிரகடனமும்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டமாகும். 2012 ஆகஸ்டில் நாட்டின் பல வைத்திய சங்கங்கள் சென்னையில் கூடி ஆலோசித்து 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டன. காகிதத்தில் பூரணமாயிருந்து நடைமுறையில் பூஜ்யமாகிவிடும் சட்டத்தைக் காட்டிலும், குறைவாயிருந்தாலும் நடக்கக்கூடிய சட்டமே மேல் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு 'எச்-1' என்னும் மருந்துப் பட்டியல் ஏற்பட்டு, 2014 மார்ச்சிலிருந்து அமுலுக்கு வந்தது. முதலில் அதில் சேர்ந்த 46 மருந்துகளில் சரிபாதிக்கு மேல் கிருமி மருந்துகள். அவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த டாக்டர் யார், வாங்கிய நோயாளி யார் என்று தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் காப்பாற்றவேண்டும். 2018-ல் கேரளம் இதற்கென்றே ஒரு மாகாணத் திட்டம் வகுத்து மற்ற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியது. 2019-ல், கடைசிக் கை மருந்துகளில் ஒன்றான 'காலிஸ்டின்' என்பதைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கலாகாதென்று மத்திய சர்க்கார் தடுத்தார்கள். மிருகங்களைக் கொழுக்கவைப்பதற்காக ஆன்ட்டிபயாடிக் போடும் வழக்கத்தை ஸ்வீடன் 1986-லேயே ஒழித்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால், மாலை வேளையில் எந்தக் கடைத்தெருவிலாவது போய் நின்று பாருங்கள். "தொண்டை வலிக்கிறது, ஸார்!" என்று ஒருவர் சொன்னதும், கடைப் பையன் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பான். டாக்டரும் இல்லை, சீட்டும் இல்லை, பதிவுப் புத்தகமும் இல்லை. ஜலதோஷத்தையும் அநேகமான காய்ச்சல்களையும் உண்டாக்குவது 'வைரஸ்'. அதை ஆன்ட்டிபயாடிக் ஒன்றுமே செய்யாது. உடம்பிலுள்ள மற்றக் கிருமிகளுக்கு மட்டும் அது நல்ல தேகப்பயிற்சி அளிக்கும்.

பெனிஸிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945 டிஸம்பரில் நோபல் பரிசைப் பெற்றபோது இந்த ஆபத்தைப் பற்றி ஒரு சிறு கதை சொன்னார். ஒருவர் தொண்டை வலிக்குத் தாமே பெனிஸிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமிகள் சாகவில்லை, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கின்றன. அவை அவருடைய மனைவியைத் தொற்றுகின்றன. அந்த அம்மாளுக்குக் கபவாத ஜுரம் கண்டு, பெனிஸிலின் கொடுத்தும் பலிக்காமல் இறந்துபோகிறாள். அவள் மரணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவர்தான் என்று பிளெமிங்கே பதிலும் சொன்னார். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்ற காலம் வரக்கூடும் என்று அன்று அவர் அஞ்சினார். நம் கடைத்தெருவில் அந்தக் காலம் வந்துவிட்டது.

2019-ம் வருஷத்தில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவை ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்ட மரணங்கள் 49 லட்சத்து 50 ஆயிரம். இந்தப் பெரிய தொகையை 2030-க்குள் நூற்றுக்குப் பத்தாவது குறைப்பதென்று 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய தேசங்கள் தீர்மானம் செய்தன.

வீட்டில் செய்யவேண்டியது

தீர்மானத்தை நியூயார்க்கில் நிறைவேற்றலாம். காரியம் நம் வீட்டு அலமாரியில்தான் ஆரம்பமாகவேண்டும். மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டின்றிச் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2016 முதல் சர்க்கார் இதைப் பிரசாரம் செய்து வருகிறார்கள். டாக்டரிடம் போனால், "பலமான மருந்தாக எழுதுங்கள்" என்று வற்புறுத்தாமல், "இதற்கு ஆன்ட்டிபயாடிக் அவசியந்தானா?" என்று கேளுங்கள். அவசியமென்றால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரையில் சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையை அடுத்த ஜுரத்துக்கென்று சேமிக்க வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தர்மம் செய்யவும் வேண்டாம்.

இவ்வளவும் படித்த குடும்பங்களுக்குச் சொன்னது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பெரியாத ஏழைக்கு இந்த உபதேசம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. டாக்டருக்குக் கொடுக்கப் பணமும், ஆஸ்பத்திரியில் காத்திருக்கப் பொழுதும் இல்லாமல்தான் அவன் இரண்டு மாத்திரை வாங்குகிறான். உரிய மருந்து உரிய வேளையில் கிடைக்காமல் இறப்பவர்களும் இந்தத் தேசத்தில் உண்டு. அவனுக்கு வேண்டியது நல்ல தண்ணீர், மூடிய சாக்கடை, குழந்தைக்குத் தடுப்பூசி, பக்கத்தில் ஒரு வைத்தியசாலை. நோயே வராவிட்டால் மருந்துக்கு வேலை ஏது? இவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் கடமை, ஓட்டும் படிப்பும் உள்ள நம்மைச் சேர்ந்தது.

தேசத்தின் பெருமையைப் பற்றிப் பேசவேண்டுமானால், அதற்கும் விஷயம் இல்லாமல் போகவில்லை. சென்னையிலுள்ள ஆர்க்கிட் கம்பெனியின் ஆராய்ச்சியில் உருவான 'என்மெட்டாஸோபாக்டம்' என்னும் பொருள், வேறொரு பழைய மருந்துக்குத் துணையாகச் சேர்ந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து அதிகாரிகளின் அங்கீகாரம் பெற்றது. கிருமிகளின் நொதிகளில் ஒரு முக்கிய வகையை அது அடக்கிவிடுகிறது. இதற்காக ஒவ்வொரு தமிழரும் தாராளமாக மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால், டெல்லியின் பெயர் தாங்கிய நொதி இந்தப் புது மருந்துக்கும் அடங்குவதில்லை. ஆகையால், தட்டிய கையை உடனே கீழே இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் வேலைக்குக் கொடுப்பது நல்லது.

டெல்லியின் பெயரை அந்த நொதியிலிருந்து இனி அழிக்க முடியாது. வைத்திய சாஸ்திரப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது. டெல்லியிலும் சென்னையிலும் அந்த நொதியை அரிதாக்குவது மட்டும் நம் கையில் இருக்கிறது. அப்படிச் செய்துவிட்டால், பிற்காலத்து மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கும்போது, அது எங்கே தோன்றிற்று என்பதோடு, எந்தத் தேசத்தார் அதை அடக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்பார்கள். நாம் விரும்பும் பெருமை அதுதான்.