விலை இல்லை, பொறுப்பு உண்டு

சில மாதங்களுக்கு முன்பு, கோலாலம்பூரில் நடைபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கான மாநாடு ஒன்றில் திறந்த மூல மென்பொருளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. “உரிமக் கட்டணம் இல்லை; உங்கள் நன்கொடைப் பணம் மிஞ்சும்” என்று உற்சாகமாகப் பேசி முடித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும், முதியோர் இல்லம் ஒன்றை நடத்தும் அம்மையார் ஒருவர் எழுந்தார். “தம்பி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கணினி வேலை செய்யாவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?” என்று கேட்டார். “இணையத்தில் தேடினால் விடை கிடைக்கும், அம்மா” என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு அமர்ந்தார். அந்தப் புன்னகையில் நம்பிக்கை இல்லை.

தொண்டு நிறுவனங்களுக்குத் திறந்த மூல மென்பொருள் ஏற்றது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், அதைப் பரிந்துரைக்கும் நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. நாம் விலையைப் பற்றியே பேசுகிறோம். துணை நிற்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு மென்பொருளை இயக்குவதற்காக எழுதப்படும் கட்டளைகளின் தொகுப்பை மூல நிரல் என்பர். வணிக மென்பொருள்கள் பலவற்றில் அது இரகசியமாகவே காக்கப்படும். திறந்த மூல மென்பொருளிலோ அதனை யாரும் படிக்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருடன் பகிரலாம். 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. ஆவணங்களும் கணக்குகளும் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபிஸ் மற்றோர் எடுத்துக்காட்டு. அதனைத் தமிழிலும்கூடப் பயன்படுத்தலாம்.

இதனால் தொண்டு நிறுவனங்களுக்கு என்ன நன்மை? முதலாவது, சிக்கனம். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் பணத்தை முதியோரின் மருந்துக்கோ ஏழை மாணவரின் பேருந்துக் கட்டணத்துக்கோ செலவிடலாம். நன்கொடையாக வரும் பழைய கணினிகளிலும் லினக்ஸின் எளிய வகைகள் நன்றாக இயங்கும். இரண்டாவது, சுதந்திரம். ஒரு நிறுவனம் தன் மென்பொருளைக் கைவிட்டால், அதில் சேமித்த தகவல்கள் சிக்கிக்கொள்ளக்கூடும். லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் கோப்பு வடிவமோ 2006ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. வேறு பல மென்பொருள்களும் அதனைத் திறக்கும்.

இவற்றைவிடப் பெரிய நன்மைக்கு இலங்கையில் ஒரு சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தாக்கியபோது அங்கு 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி எங்குச் சேர வேண்டும் என்பனவற்றை ஒருங்கிணைப்பது பெரும் சவாலாக இருந்தது. அந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தன்னார்வத்துடன் ஒன்றுகூடி ‘சகானா’ எனும் மென்பொருளை உருவாக்கினர். சிங்கள மொழியில் அதற்கு ‘நிவாரணம்’ என்பது பொருள். அதன் மூல நிரல் திறந்திருந்ததால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவின்போதும் அது கைகொடுத்தது. ஆனால், மென்பொருள் மட்டும் தனியே போய் உதவிவிடவில்லை. அதனை அந்தந்த நாட்டின் தேவைக்கேற்ப அமைத்துத் தர மனிதர்கள் முன்வந்தார்கள்.

“சில வணிக நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளுக்குக் கட்டணச் சலுகை தருகின்றனவே; பிறகு ஏன் மாற வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேலும், புதிய மென்பொருளைக் கற்க நேரம் வேண்டும். பழைய கோப்புகளை மாற்றும்போது சிலவற்றின் அமைப்பு குலையக்கூடும். நிறுவித் தந்த தன்னார்வலர் விலகிவிட்டால் அலுவலகமே திணறும். ஆயினும், சலுகையை அளித்தவர் அதனை நிறுத்தவும் முடியும். நாம் கற்றுக்கொண்ட திறனையோ யாரும் திரும்பப் பெற முடியாது.

ஆகவே, மாநாடுகளில் பேசுவோர் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும்படி கூறக்கூடாது. முதலில் ஒரு மென்பொருளை மட்டும் அறிமுகப்படுத்த வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் குறைந்தது இருவருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். எளிய தமிழிலோ மலாயிலோ வழிகாட்டிக் குறிப்பேடு ஒன்றை எழுதித் தர வேண்டும். ஓராண்டுக்காவது அழைத்தால் வந்து உதவ வேண்டும்.

மாணவர்களே, இப்பணியில் உங்களுக்கும் இடமுண்டு. கணினி மன்றத்தில் கற்றதைக் கொண்டு, விடுமுறையில் அருகிலுள்ள இல்லம் ஒன்றுக்குச் சென்று உதவலாம், குறிப்பேட்டை மொழிபெயர்க்கலாம். ஊர் கூடினால்தான் தேர் நகரும். திறந்த மூல மென்பொருளும் அப்படிப் பலர் கைகோத்து இழுக்கும் தேர்தான்.

அந்த அம்மையாரை மீண்டும் சந்தித்தால், இணையத்தில் தேடும்படி நான் சொல்லமாட்டேன். “திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிடுங்கள், அம்மா” என்பேன்.