பங்கு விலை ஒன்றும் மதிப்பெண் பட்டியல் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஏதாவது ஒரு கம்பெனி வீட்டுக்கான புது கம்ப்யூட்டரை அறிவித்தால் போதும், நம்மில் சிலருக்குக் கை பரபரக்கிறது. "பங்கு ஏறுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த மெஷினை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் தப்பு என்கிறேன்.

1998-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 1997 நிதியாண்டில் மட்டும் சுமார் 100 கோடி டாலர் நட்டம். அந்தக் கம்பெனி தன் கையில் இருந்தால் இழுத்து மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று மைக்கேல் டெல் மேடையிலேயே சொன்னார். அந்த நிலைமையில் 1998 மே 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐமேக்கைக் காட்டினார். ஃபிளாப்பி போடவே வழி இல்லை. விலை 1,299 டாலர். அதே அமெரிக்காவில் 1,000 டாலருக்குக் கீழேயே சாதாரண பிசி கிடைத்தது. முதலீட்டாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

விடை எங்கே இருந்தது? இன்டர்நெட் வேண்டும், ஆனால் ஒயர்களைக் கண்டாலே பயம் என்றிருந்த வீடுகளில் இருந்தது. திரை, மோடம், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். முதல் ஆறு வாரத்தில் 2,78,000 விற்றது. வாங்கியவர்களில் 10-க்கு 3 பேர் அதற்கு முன் கம்ப்யூட்டரே வாங்காதவர்கள். ஃபிளாப்பி இல்லையே என்று கணக்குப் போட்டவர்கள் இந்த ஆட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்படியானால் புது மெஷின் வந்ததும் பங்கு வாங்குவது சரிதானே டீச்சர்?" என்று துள்ளாதீர்கள். அதே ஆப்பிள் 2000 ஜூலையில் ஜி4 கியூப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்க அவ்வளவு அழகு. விலை 1,799 டாலர், திரை தனி. அதைவிட 200 டாலர் குறைவாக, உள்ளே கார்டுகள் செருகிக்கொள்ள இடமுள்ள டவர் மெஷினை அதே கம்பெனியே விற்றது. பிறகு கியூப்பை யார் வாங்குவார்கள்? செப்டம்பர் இறுதியில் கம்பெனி வருமான எச்சரிக்கை விட்டது. பள்ளிக்கூட விற்பனை குறைவு, கியூப்பும் எதிர்பார்த்தபடி போகவில்லை என்றார்கள். மறுநாள் ஒரே நாளில் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. 2001 ஜூலையில் கியூப்பையே நிறுத்திவிட்டார்கள்.

"அன்றைக்கு ஆப்பிள் வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரன்" என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி. கமடோர் பெயரை ஏன் சொல்வதில்லை? கமடோர் 64, அமிகா என்று வீடு வீடாகக் கொண்டாடிய மெஷின்களைச் செய்த கம்பெனி அது. 1994-ல் திவாலானது. நல்ல மெஷின் இருந்தும் பங்கு வைத்திருந்தவர்களின் பணம் போனது. ஜெயித்தவன் கதையை மட்டும் சொல்வது பாதிப் பாடம் நடத்துவது மாதிரி.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்தவளுக்குப் பங்குச்சந்தை என்ன தெரியும் என்று சிரிப்பவர்கள் சிரியுங்கள். எனக்குக் காலாண்டுத் தேர்வு தெரியும். அந்த மதிப்பெண்ணை வைத்தே ஒரு பிள்ளையை மேதை என்றோ மக்கு என்றோ முடிவு கட்டுகிறவர் நல்ல வாத்தியார் இல்லை. கம்பெனிகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படித்தான் எடை போடுகிறார்கள். லாபம் பார்ப்பதுதான் முதலீட்டாளரின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த லாபம் கடையில் காசு கொடுக்கிறவரிடமிருந்துதான் வருகிறது. அவரை மறந்துவிட்டுப் பேசினால் அது ஆராய்ச்சி இல்லை, சூதாட்டம்.

மகளின் காலேஜ் ஃபீஸை, அப்பாவின் ஓய்வூதியப் பணத்தை இப்படிப்பட்ட பேச்சை நம்பிப் போடலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். யார் வாங்குவார்? எதற்கு? அதே காசுக்கு அவருக்கு வேறு என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் சொந்தமாக விடை எழுத முடியவில்லை என்றால் பணத்தைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் காப்பியடிக்க நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்