எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்

திருத்தணி மலைக்கு 365 படிகள்; வருஷத்தின் நாளுக்கு ஒரு படி. டிசம்பர் 31-ஆம் தேதி பஜனை கோஷ்டிகள் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகின்றன. இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று வெள்ளைக்காரத் துரைகளுக்கு எலுமிச்சம் பழம் நீட்டி சலாம் போட்ட காலத்தில், 'முதல் கும்பிடு தணிகேசனுக்கு இருக்கட்டுமே!' என்று வள்ளிமலை ஸ்வாமிகள் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது.

நூறு படி ஏறுவதற்குள் ஒரு சிறு தகராறு வருவது சகஜம். ஒரே பாட்டில் ஒரு சொல்லை ஓர் அம்மாள் ஒரு விதமாகப் பாடுவாள். பக்கத்தில் நிற்பவள் வேறு விதமாகப் பாடுவாள்.

"உங்க புஸ்தகத்திலே தப்பா இருக்கு, மாமி!"

"எங்க பாட்டி காலத்துப் புஸ்தகமாக்கும்! அதிலே எப்படித் தப்பு வரும்?"

இருவர் பேச்சிலும் பக்தி இருக்கிறது. ஆனால் பழசு என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது; புதுசு என்பதற்காகத் தப்பாகியும் விடாது. பின்னே எப்படித் தீர்ப்புச் சொல்வது? இதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. மூலபாட ஆராய்ச்சி என்று பண்டிதர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் சமையலறைக்குள்ளேயே அதைப் புரிந்துகொண்டு விடலாம்.

ஒரு பாட்டி ரசப்பொடிக் குறிப்பு எழுதி வைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய நாலு பெண்களும் ஆளுக்கொரு நோட்டில் அதை எழுதிக்கொண்டு புக்ககம் போனார்கள். பாட்டியின் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது மூத்தவர்கள் இருவர் நோட்டிலும் மிளகு 'கால் பலம்' என்றிருக்கிறது. இளையவர்கள் இருவர் நோட்டிலும் 'நாலு பலம்' என்றிருக்கிறது. வோட்டெடுத்தால் இரண்டுக்கு இரண்டு!

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இளையவர்கள் இருவர் நோட்டிலும் துவரம் பருப்பு என்ற வரியே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக அதே வரியை மறந்திருப்பார்களா? ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதியிருக்கிறாள். ஆகவே அவர்கள் இரண்டு சாட்சி அல்ல, ஒரே சாட்சி. பிரதி நூறு இருந்தாலும், எல்லாம் ஒன்றைப் பார்த்து எழுதியவையானால் சாட்சி ஒன்றுதான். இந்தச் சாஸ்திரத்தின் உயிர்நாடி இவ்வளவே.

ரசப்பொடிக்கே இந்தக் கதியென்றால், ஓலைச்சுவடியைக் கேட்க வேண்டுமா? புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 'ஏரி' என்று படித்தால் தண்ணீர்; அதையே 'எரி' என்று படித்தால் நெருப்பு! 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று நம்மவர்கள் பழமொழி சொன்னது சும்மா அல்ல.

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் பாடியவை 16,000 என்பது ஐதிகம். கிடைத்தவை சுமார் 1,300. அவையும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிப் புறப்பட்டவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. கோர்ட்டு உத்தியோகஸ்தர், பிற்பாடு ஜில்லா முன்சீபாக இருந்தவர். ஒரு வழக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்கு ஆதாரமாக ஒரு திருப்புகழைக் காட்டினார்களாம். அதைக் கேட்டு உருகிப்போனவர், கோர்ட்டு வேலைக்கு நடுவே ஏடு தேடி அலைந்து, பாட்டுகளைச் சேர்த்து அச்சேற்றினார். அவருடைய குமாரர், 'தணிகைமணி' என்ற பட்டம் பெற்ற செங்கல்வராய பிள்ளை (1883-1971), அருணகிரியாரின் நூல்களுக்கெல்லாம் உரை எழுதி அந்த வேலையைப் பூர்த்தி செய்தார்.

திருப்புகழில் ஒரு சௌகரியம் உண்டு. சந்தம் கடிகாரம் மாதிரி ஓடும். ஓர் எழுத்து குறைந்தாலும், குறில் நெடிலாக மாறினாலும் தாளம் இடறிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இரண்டு சொல்லும் சந்தத்துக்குப் பொருந்தி வந்தால்? அங்கேதான் பதிப்பாசிரியரின் நேர்மைக்குச் சோதனை. நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைப் பாட்டில் வைத்து, மற்றதைப் 'பாடபேதம்' என்று கீழே போட்டுவிடுவார். மறைக்கமாட்டார்.

சந்தமே இல்லாத வசன நூலானால் கஷ்டம் இன்னும் அதிகம். கிறிஸ்தவர்களின் சுவிசேஷங்கள் அப்படிப்பட்டவை. சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. ஆனால் அதற்கு மூலமான கிரேக்க நூல் அச்சு யந்திரம் வரும் வரையில் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் கையெழுத்துப் பிரதியாகவே வாழ்ந்தது. 5,000-க்கு மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் இன்று இருக்கின்றன. ஆசிரியர்கள் கைப்பட எழுதியது ஒன்றுகூட இல்லை. கரையான் அங்கேயும் உண்டு!

சுவிசேஷங்கள் நாலு. அவற்றில் மாற்கு எழுதியதே முந்தியது, ஏறக்குறைய கி.பி. 70-ஐ ஒட்டியது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. மத்தேயுவும் லூக்காவும் பல இடங்களில் அதே சம்பவத்தை அதே வரிசையில், அதே சொற்களில் சொல்கிறார்கள். மாற்குவின் நூலை எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ரசப்பொடி நியாயம்தான்!

யோவான் சுவிசேஷத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. சோரம் போனாள் என்று ஒரு பெண்ணை இழுத்து வந்து, கல்லெறிந்து கொல்லத் துடிக்கிறது ஒரு கூட்டம். இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். கல்லைப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. இந்தக் கதை மிகப் பழைய பிரதிகளில் இல்லை! சினாய் மலை மடத்திலிருந்து ருஷ்யா போய், 1933-ல் 1 லட்சம் பவுனுக்கு பிரிட்டிஷ் மியூஸியம் வாங்கிய 4-ஆம் நூற்றாண்டுப் பிரதியிலும் இல்லை. சில பிரதிகளில் அது லூக்காவின் நூலுக்குள் குடியேறியிருக்கிறது.

அகஸ்டின் என்ற ஞானி அந்தக் காலத்திலேயே ஒரு காரணம் சொன்னார்: 'இதைப் படித்தால் நம் மனைவிமார்களுக்குத் துளிர்விட்டுப் போகும்' என்று பயந்து சில ஆண்பிள்ளைகள் கதையை நீக்கிவிட்டார்களாம்! கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சியம் வேறு விதமாகப் பேசுகிறது. பழைய கதைதான், யோவான் நூலில் மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்தது என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. அதற்காக யாரும் அதைக் கிழித்தெறிந்துவிடவில்லை. பல பதிப்புகளில் அடைப்புக் குறிக்குள் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் மேல் விழாத கல் விழாததுதான்!

ஆராய்ச்சி என்றால் நம்பிக்கைக்கு ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. அன்பு இல்லாதவன் ஓர் எழுத்துக்காக ஊர் ஊராக அலைவானா?

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கையெழுத்தில் ஒரு பாட்டு நோட்டு கிடக்கலாம். அதைப் பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுங்கள். எடுக்கும்போது, தப்பாகத் தோன்றினாலும் உள்ளபடியே எழுதுங்கள். திருத்தத்தை ஓரத்தில் குறியுங்கள். தப்பு பாட்டியுடையதா, நம்முடையதா என்பதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.